சுலோச்சனாவுக்கு விழுந்த பரிசு

தணிகாசலம் தன் மனைவி சுலோச்சனாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு மின்னஞ்சலை அழித்துக்கொண்டிருந்தாள். ஐந்து லட்சம் பவுண்டு பரிசு விழுந்திருப்பதாகச் சொன்ன கடிதம் அது. அந்த ஊரில் அப்படிக் கடிதம் வந்தால் மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்குள், 'உயிரோடு இருக்கிறேன், பரிசு வேண்டாம்' என்று பதில் போட்டுவிட வேண்டும். போடாதவர்கள் இறந்துவிடுவார்கள்.

அன்று மூன்றாம் நாள். மணி நாலே கால். புனேயிலிருந்து மகள் நிர்மலா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் ஏமாத்து வேலைம்மா. தொறக்கவே கூடாது. பாத்த உடனே அழிச்சிடணும்." நிர்மலா சொன்னது புனேக்குச் சரி. அங்கே விதி வேறு. ஊரை விட்டுப் போய்ப் பத்து வருஷமானதில் அவளுக்கு இந்த ஊர் விதி மறந்துவிட்டது. சுலோச்சனாவோ மகள் சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டாள். பதில் போட்டுவிட்டுத்தான் அழிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தணிகாசலம் செருப்பை மாட்டினார். பாலோடு அவர் திரும்பியபோது மணி ஐந்து பத்து.

ஊர் இந்த விதிக்குப் பழகியிருந்தது. பிரசவ வார்டிலேயே குழந்தைக்கு மின்னஞ்சல் முகவரி தொடங்கிவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்துக்குக் கீழே, 'மண்டபத்தில் பதில் போட வசதி உண்டு' என்று அச்சிடுவார்கள். நூற்பாலையில் முப்பத்திரண்டு வருஷம் நேரக் காப்பாளராக இருந்தவர் தணிகாசலம். தன் கடிதங்களுக்கு வந்த அன்றே பதில் போட்டுவிடுவார்.

நாலு வருஷம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலையில், பிரவுசிங் சென்டர் ஜாபர் கையில் ஒரு தாளோடு வந்தான். இறந்தவர்களுக்கு வரும் கடிதங்கள் அவன் கடையில்தான் இறங்கும்.

"அண்ணே, அக்காவுக்கு வந்திருக்கு."

தணிகாசலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

'அன்புள்ள வெற்றியாளரே, தாங்கள் இறந்துவிட்டதாகத் திருமதி டோரதி ஹாப்கின்ஸ் என்பவர் தெரிவித்து, தங்கள் பரிசைக் கோரியிருக்கிறார். தாங்கள் உயிரோடு இருந்தால், இன்று மாலை ஐந்து மணிக்குள் தங்கள் முகவரியிலிருந்து பதில் அனுப்பவும். பதில் வந்தால் அவர் சொன்னது பொய் என்று கொள்ளப்படும். பொய் சொன்னவர் இருக்க மாட்டார்.'

"பதில் போனா சுலோச்சனா வந்துருவாளா?"

"வந்துருவாங்கண்ணே. எங்க இறங்குவாங்கன்னுதான் சொல்ல முடியாது. சோடா கம்பெனிக்காரர் அப்பா பெங்களூர்ல இறங்கிட்டாரு. பாஸ்வேர்டு இருக்கா?"

"இல்ல."

"அப்ப ஒரு கேள்வி கேக்கும். மூணு தடவைதான். மூணும் தப்புன்னா பூட்டிக்கும்." படியிறங்கும்போது ஜாபர் திரும்பினான். "முப்பத்தொரு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கீங்க. ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமயா போயிடும்?"

தணிகாசலம் கணினியின் மேல் போட்டிருந்த துணியை எடுத்தார். கேள்வி வந்தது. 'உங்களுக்கு மிகவும் பிடித்த தின்பண்டம் எது?'

அவர் சிரித்தேவிட்டார். அதிரசம் என்று அடித்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் இரண்டு நாள் அடுப்படியில் நின்று சுடுவாள். 'தவறு' என்று வந்தது. யோசித்துப் பார்த்தபோது, சுட்டது அவள், தின்றது தான் என்பது நினைவுக்கு வந்தது. மத்தியானம் வரைக்கும் யோசித்து ரவா லட்டு என்று அடித்தார். அதுவும் தவறு. ரவா லட்டும் அவருக்குப் பிடித்ததுதான்.

புனேக்குப் போன் போட்டார். "அம்மாவுக்கா?" என்றாள் நிர்மலா.  "எனக்குப் பிடிச்சதுதாம்பா அம்மா பண்ணுவாங்க." அவளுக்கும் தெரியவில்லை.

மூன்றரை மணி டவுன் பஸ்ஸில் டோரதி ஹாப்கின்ஸ் வந்து இறங்கினாள். கோரிக்கை வைத்தவர், இறந்தவர் வீட்டில் ஐந்து மணி வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. ஐம்பது வயதிருக்கும். பூப்போட்ட கவுன், தோளில் கறுப்புப் பை. வாசலில் நின்று, "வரலாமா சார்?" என்றாள்.

"வாங்கம்மா. தமிழ் நல்லாப் பேசறீங்க."

"எட்டு வருஷமா இந்த ஊருக்குத்தான் பரிசுக் கடிதம் எழுதறேன். வராமப் போகுமா?"

கணினிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையை ஒருமுறை பார்த்தாள்.

"ஒண்ணுதான் பாக்கி போல."

"ஆமா."

இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவள் கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். தணிகாசலம் எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். அவள் தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"எதுக்கும்மா சுலோச்சனா பேரைக் குடுத்தீங்க?"

"மாசம் இறந்தவங்க பேர் ஒண்ணு காட்டணும் சார். காட்டலைன்னா வேலை போச்சு, மேசையை எடுத்துடுவாங்க. இந்த மாசம் எனக்கு ஒருத்தரும் தவறல. தெரிஞ்ச பேரா இருக்கட்டும்னு போட்டேன்."

"உங்களுக்கு அவளைத் தெரியுமா?"

"நல்ல கதையா இருக்கே. எல்லாரும் ஒரே வரிதான் எழுதுவாங்க. உயிரோட இருக்கேன், பரிசு வேண்டாம், அவ்வளவுதான். இவங்க மட்டும் அதுக்குக் கீழ நாலு வரி எழுதுவாங்க."

நாலு மணி நாற்பது.

"என்ன எழுதுவா?"

"மொட்டை மாடியில மிளகாய் காயப் போட்டா அன்னிக்குன்னு பாத்து மழை வருதுன்னு எழுதுவாங்க. பக்கத்து வீட்டம்மா பேசறப்ப கதவைச் சாத்தறாங்கன்னு எழுதுவாங்க. உங்க குறட்டை, லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருக்கும்னு."

"நான் குறட்டை விடமாட்டேன்."

"அதையும் எழுதியிருந்தாங்க. கேட்டா இல்லம்பாருன்னு."

தணிகாசலம் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். நாலு வருஷமாக சுலோச்சனாவைப் பற்றி யாரும் அவரிடம் புதிதாக ஒன்றும் சொன்னதில்லை.

"இன்னும் சொல்லுங்க."

அவளும் அந்தக் கடிதங்களைப் பற்றி யாரிடமும் பேசியிருக்க வழியில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க மில்லுக்குக் கிளம்பினதும் பஸ் ஸ்டாண்டு பேக்கரிக்கு நடந்து போவாங்களாம். ஒரு தேங்காய் பன் வாங்கி, அங்கயே நின்னு சாப்பிட்டுட்டு, முந்தானையில வாயத் தொடச்சுக்கிட்டு வந்துருவாங்களாம். உலகத்துல அதுக்கு மேல ஒரு பண்டம் கிடையாதுன்னு..."

நிறுத்தினாள். தம்ளரைக் கீழே வைத்தாள்.

பேக்கரிச் சாமான் நெஞ்சைக் கரிக்கும் என்றுதான் சுலோச்சனா அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் ஒருநாளும் வாங்கி வந்ததில்லை.

"சொல்லிட்டேன் போலிருக்கு" என்றாள் டோரதி.

"ஆமா."

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"பதினொரு நிமிஷம்."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"நான் வேணா காதுல விழாத மாதிரி இருந்துடறேன்" என்றார் தணிகாசலம்.

"இருந்துடுவீங்களா?"

அவர் திரையைப் பார்த்தார். விசைப்பலகையின் மேல் கையை வைத்தார், எடுத்தார். மில்லில் ஒரு நிமிஷம் தாமதமாக வந்தவனுக்கும் சிவப்பு மையில் கோடு போட்ட கை அது. கடிகார முள் நகர்ந்தது. ஏழு நிமிஷம். ஆறு.

"உங்களுக்கு அவங்க வேண்டியவங்க. நான் இன்னிக்குத்தான் வந்தேன்" என்றாள் அவள்.  "அடிக்கறதுன்னா சீக்கிரம் அடிச்சுடுங்க சார். இப்படி உக்காந்திருக்க முடியல."

தணிகாசலம் தேங்காய் பன் என்று அடித்தார். பெட்டி திறந்தது. 'உயிரோடு இருக்கிறேன்' என்று எழுதி அனுப்பினார். மணி நாலு ஐம்பத்தாறு.

"காப்பியைக் குடிச்சு முடிச்சுடட்டுமா?"

"குடிங்கம்மா. சூடு பண்ணித் தரட்டுமா?"

"வேண்டாம். இதுவே நல்லாருக்கு."

ஐந்து மணிக்கு நாற்காலி காலியாக இருந்தது. தம்ளரும் காலியாக இருந்தது. அவர் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அன்றிரவும் அடுத்த இரண்டு நாளும் வாசல் கதவைத் தாழிடவில்லை. சனிக்கிழமை பெங்களூர் வண்டி வரும் நேரத்துக்கு ஸ்டேஷனுக்கும் போய் நின்றார். சுலோச்சனா வரவில்லை.

நாலாம் நாள் காலையில் அவருடைய பெட்டிக்கு ஒரு கடிதம் வந்தது.

'அன்புள்ள வெற்றியாளரே, தங்களுக்கு ஐந்து லட்சம் பவுண்டு முதல் பரிசு விழுந்திருப்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறோம். மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் பதில் அனுப்பவும். இப்படிக்கு, சுலோச்சனா, பதினெட்டாம் மேசை.'

அதற்குக் கீழே நாலு வரி இருந்தது. 'டோரதி இருந்த மேசைதான் காலியாக இருந்தது, அதில் இறங்கிவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறது. விடுப்பு கிடையாது. மாதம் ஒரு பேர் காட்ட வேண்டுமாம், அதனால் நேரத்தோடு பதில் போட்டுவிடுங்கள்.'

தணிகாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உயிரோடு இருக்கிறேன், பரிசு வேண்டாம் என்று எழுதினார். அதோடு நிறுத்தாமல், தான் குறட்டை விடுவதில்லை என்றும் எழுதினார்.

அதற்கப்புறம் மூன்று நாளைக்கு ஒன்றாக வந்துகொண்டிருக்கிறது. இதுவரை நூற்றுப் பதினாறு கடிதங்கள். எல்லாவற்றிலும் முதல் பரிசு தணிகாசலத்துக்குத்தான்.