கோட்டில் மூன்று பேர்

பெனால்ட்டி அடிக்கும்போது கோல் கோட்டில் மூன்று பேர் நிற்கலாம் என்பதுதான் அதுவரை ஹர்லிங் என்ற அயர்லாந்து மட்டைப்பந்து ஆட்டத்தில் இருந்த விதி. நடுவில் கீப்பர், இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர். டப்ளின் தலைமைச் சங்கத்திலிருந்து வந்த தாள் அந்த இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னது. கீப்பர் தனியாக நிற்க வேண்டும். அதற்குப் பதிலாக, அடிப்பவன் பந்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடிவந்து மூக்குக்கு நேராக அடிக்க முடியாது. இருபது மீட்டர் கோட்டுக்கு வெளியிலேயே அடித்துவிட வேண்டும். இது முன்மொழிவுதான். ஒவ்வொரு கிளப்பும் கூடிப் பேசி, வேண்டும் வேண்டாம் என்று தன் பிரதிநிதியிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.

டிசம்பர் ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு கூட்டம். உடை மாற்றும் அறையில் இருபது பேர் டீக் கோப்பையும் பன்றி இறைச்சி சாண்ட்விச்சுமாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் லூபி தாளை வாசித்து முடித்தார். பாதிப் பேர் அந்த ஊர்க் கல் குவாரியில் வேலை பார்ப்பவர்கள். குவாரியிலும் லூபிதான் ஃபோர்மன்.

மலாக்கி டூஹி சாண்ட்விச்சைத் தொடவில்லை. பதினாறு வருஷமாக அந்த கிளப்பின் கீப்பர், குவாரியில் கல் அள்ளும் லோடர் வண்டி ஓட்டுகிறவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல் சில்லு இடது கண்ணில் பட்டது. புண் ஆறியது, பார்வை போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகத்தான் இருக்கும். குவாரியில் வருஷா வருஷம் நடக்கும் பரிசோதனையில் இடது கண்ணைப் பொத்தச் சொன்னால் இடதைப் பொத்துவான். வலதைப் பொத்தச் சொன்னால் கையை மட்டும் மாற்றி அதே இடதைப் பொத்துவான். நர்ஸ் படிவத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பாள். வெளியே தெரிந்தால் லோடரும் போகும், கோலும் போகும்.

விஷயம் தெரிந்தவன் டின்னி ஒருவன்தான். தற்காப்பில் ஆடுகிறவன். பெனால்ட்டி என்றால் மலாக்கிக்கு இடது பக்கம் வந்து நின்றுகொள்வான். அந்தப் பக்கம் வரும் பந்து அவனுடையது. மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

"கீப்பர்தான் சொல்லணும். மலாக்கி, நீ என்ன சொல்ற?" என்றார் லூபி.

"மூணு பேரு நிக்கறதுல என்ன கெட்டுப்போச்சு?"

"பயந்துட்டான்டா!" என்றான் ஓரன். இருபத்திரண்டு வயது. அந்த கிளப்பில் அவனைப் போல அடிக்க ஆள் கிடையாது. "டின்னி கையப் பிடிச்சுக்காம நிக்க மாட்டான். இவன் கல்யாணத்தன்னைக்கும் மாப்பிள்ளைத் தோழனா டின்னிதான் பக்கத்துல நின்னான்."

"உன் கல்யாணத்துக்கு யாரும் நிக்க மாட்டாங்கடா, மொதல்ல பொண்ணு வந்து நிக்கட்டும்" என்றான் டின்னி.

அறை சிரித்தது. சிரிக்காமல் இருந்தவன் நெட் ஒருவன்தான். செவ்வாய்க்கிழமை மலாக்கியின் லோடர் பின்னோக்கி வரும்போது கல் குவியல் மேல் தாவி உயிர் தப்பியவன். 'ஓடுற வண்டிப் பக்கம் எவன் உன்னைப் போகச் சொன்னது' என்று லூபி அவனைத்தான் திட்டினார், மூன்று நாள் வீட்டுக்கும் அனுப்பினார். மலாக்கி அன்று லோடர் இருக்கையிலேயே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பேசிட்டே இருந்தா பொழுதுதான் போகும்" என்று லூபி எழுந்தார். "வெளிய போய் அடிச்சுப் பாத்துட்டு வந்து கை தூக்குவோம்."

டின்னி மலாக்கியைப் பார்த்தான். மலாக்கி ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

வெளியே சாம்பல் வானம். சேறு பூட்ஸைப் பிடித்து இழுத்தது. எல்லோரும் வலை ஓரமாக நின்றார்கள். இத்தனை வருஷத்தில் பெனால்ட்டிக்கு மலாக்கி அந்தக் கோட்டில் தனியாக நின்றதே இல்லை. கோல் முன்பைவிட இரண்டு மடங்கு அகலமாகத் தெரிந்தது. அதில் பாதி தெரியவே இல்லை. தலையை இடது பக்கம் கொஞ்சம் திருப்பி, ஒற்றைக் கண்ணை நடுவுக்குக் கொண்டுவந்தான்.

ஓரன் மட்டையால் பந்தைக் கிண்டித் தூக்கி ஓங்கி அடித்தான். வலது பக்கம் இடுப்பு உயரம். மலாக்கியின் மட்டை அதைத் தட்டிவிட்டது. கை மணிக்கட்டுவரை அதிர்ந்தது.

"அடுத்தது!" என்று கத்தினான். தைரியம் கொஞ்சம் திரும்பியிருந்தது.

"ஏன்யா கோழி மாதிரி தலையச் சாய்ச்சுப் பாக்குற?" என்றான் ஓரன். "தவிடு போடட்டுமா?"

வலை ஓரம் சிரிப்பு வெடித்தது. எவனோ கொக்கரித்தான். மலாக்கிக்குக் காது சுட்டது. தலையை நேராக வைத்துக்கொண்டான்.

இரண்டாவது பந்தை அவன் பார்க்கவில்லை. மட்டை பந்தில் பட்ட சத்தம் கேட்டது, இடது காதோரம் ஏதோ சீறிக்கொண்டு போனது, வலை பின்னால் உதறிக்கொண்டது. அவன் கை அசையவே இல்லை.

"தூங்கிட்டான்!"

"எழுப்புங்கடா, டீ ஆறுது!"

"போதும்" என்றான் டின்னி. குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "குளிருது. உள்ள போய் முடிச்சுடலாம்."

"இன்னொண்ணு" என்றார் லூபி. அவர் குரல் வலைக்குப் பின்னாலிருந்து வந்தது.

மலாக்கி மட்டையைப் பிடித்துக் குனிந்து நின்றான். தலை நேராக. ஓரன் பந்துக்கு முன்னால் வந்தான், குனிந்தான், நிமிர்ந்தான். அடிக்கவில்லை. வலை ஓரத்தில் சத்தம் ஒவ்வொன்றாக நின்றுபோனது. மழைத் தூறல் ஹெல்மெட்டில் விழுவது கேட்டது.

"அடிடா!" என்றான் மலாக்கி.

ஓரன் அசையவில்லை.

"நான் நிக்கிறேன்ல. அதான் அடிக்கல" என்று இடது பக்கம் கை எட்டும் தூரத்தில் ஒரு குரல் சொன்னது.

மலாக்கி முழு உடம்பையும் திருப்பினான். லூபி கோட்டின் மேல் நின்றிருந்தார். தலையில் வெறும் தொப்பிதான்.

"எவ்வளவு நேரமா நிக்கிறேன்னு நினைக்கிற?"

மலாக்கி வலை ஓரம் நின்றவர்களைப் பார்த்தான்.

"வலைக்குப் பின்னாலிருந்து சுத்தி வந்து, தூணத் தாண்டி, உன் பக்கத்துல நின்னு தொப்பியக் கழட்டி மாட்டினேன். அங்க இருக்கறவன் அத்தன பேரும் பாத்தான்." குரலைத் தாழ்த்தினார். "செவ்வாய்க்கிழமை நெட் வண்டிக்கு எந்தப் பக்கம் நின்னான்?"

"லூபி, நான்..."

"எந்தப் பக்கம்னு கேட்டேன்."

"இடது பக்கம்."

லூபி கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார், எந்தக் கண்ணைப் பார்ப்பது என்று தெரியாதவர் போல. "நாளைக்குக் காலையில குவாரி யார்டுக்குப் போகாத. ஆபீசுக்கு வா. லோடர் சாவியக் கொண்டு வா." சொல்லிவிட்டு நடந்தார்.

உள்ளே யாரும் உட்காரவில்லை. ஓரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லூபி தாளைக் கையில் எடுத்தார். "ஒருத்தர் மட்டும் நிக்கணும்கறவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. எல்லோரும் மலாக்கியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

மலாக்கி ஹெல்மெட்டைக் கழற்றினான். முதல் கையாக அவன் கை உயர்ந்தது.

"நீ எதுக்குடா..." என்றான் டின்னி.

"நல்ல விதிதான். தூரத்துலேர்ந்து அடிக்கிறான், பந்து வர்றது தெரியும்" என்றான் மலாக்கி. "ரெண்டு கண்ணும் தெரியறவனுக்கு."

கையை இறக்காமலே, தலையை இடது பக்கம் நன்றாகத் திருப்பி, அவன் நெட்டைத் தேடினான். சுவர் ஓரத்தில், பெஞ்சுக்குப் பக்கத்தில் நெட் நின்றிருந்தான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டிருந்தான். இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. நெட் மலாக்கியை நோக்கி நடக்க ஆரம்பித்தான்.