மேட்டுத்தெருவும் எதிர்க்கரையும்

தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது மேட்டுத்தெருவில். அக்காவுக்கு வாய்த்தது எதிர்க்கரைப் பள்ளத்தெரு. வெள்ளம் வந்தால் அக்கா பாய் படுக்கையைப் பரணில் ஏற்றுவாள். தங்கச்சி மாடியில் நின்று வேடிக்கை பார்ப்பாள். பதினாறு வருஷமாக இதே கதை. அக்கா வெளியே காட்டிக்கொண்டதில்லை, உள்ளுக்குள் பொருமினாள்.

அக்காவுக்கு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலை. அந்த வருஷம், கரையைப் பலப்படுத்த வேண்டும் என்று, ஆற்றின் பழைய படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையச் சொன்னார்கள். முந்நூறு வருஷத்துக்கு ஐந்து படங்கள். முதலில் வந்தவர்கள் வெள்ளம் ஏறாத மேட்டைப் பிடித்திருந்தார்கள். சந்தையும் வண்டிப்பாதையும் அவர்களை ஒட்டியே வளர்ந்தன. பின்னால் வந்தவர்களுக்குப் பள்ளம்தான் மிச்சம்.

"அப்பவே முந்திக்கிட்டாங்க," என்று முணுமுணுத்தாள்.

நாலாவது படத்தை வைத்ததும் கை நின்றது. முதல் படத்தில் மேட்டில் எட்டுத் தெருக்கள், இதில் ஐந்துதான். ஆறு மேட்டின் அடியை அரித்து அரித்து நகர்ந்திருந்தது. கடைசிப் படத்தில், அடுத்த சில மழைக்குள் ஆறு எதுவரை அரிக்கும் என்று ஒரு கோடு போட்டாள். அது தங்கச்சியின் சமையலறை வழியாகப் போனது.

சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உடனே பயமும் வந்தது. நம் வயிற்றெரிச்சல்தான் கோட்டை இழுக்கிறதோ? மூன்று தடவை அளந்தாள். நம்பிக்கை வராமல் பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்தாள். அவர் போட்ட கோடு இன்னும் நாலடி உள்ளே போனது.

சாயங்காலமே பாலத்தைத் தாண்டிப் போனாள்.

"ஆறு உன் வீட்டுக்கு அடியில அரிச்சுக்கிட்டு வருது, அளந்து பார்த்துட்டேன். பின்கட்டைக் காலி பண்ணுடி. அடுப்பை முன்னறைக்கு மாத்து."

தங்கச்சி சிரித்தாள். "நான் மேல இருக்கறது உன் கண்ணை உறுத்துது, இல்லக்கா?"

"உறுத்துது. பதினாறு வருஷமா உறுத்துது. அதுக்காக அளவு பொய்யாயிடாது."

தங்கச்சி சிரிப்பை நிறுத்தி அக்காவையே பார்த்தாள். அக்கா இப்படி வாய்விட்டுச் சொன்னதே இல்லை. மறுநாள் அடுப்பை மாற்றிவிட்டாள்.

அந்த மழையிலேயே, ஒரு மத்தியானம், சமையலறை சுவரோடு ஆற்றில் சரிந்தது. உள்ளே யாரும் இல்லை.

தங்கச்சி குடும்பத்தோடு பள்ளத்தெருவுக்கு வந்து இறங்கினாள். இதுவரை அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசாத அவள் மாமியார், ஜன்னல் வைத்த தன் அறையைத் தங்கச்சிக்கு ஒழித்துக் கொடுத்தாள்.

"நீ உட்காரும்மா, களைச்சுப் போயிருப்பே. எல்லாம் அவ பார்த்துக்குவா."

அக்கா இன்னும் நாலு பேருக்குச் சேர்த்து உலை வைத்தாள். தங்கச்சி உயிரோடு இருப்பதில் நிம்மதிதான். ஆனாலும் மாமியார் இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது தன்னை அப்படி உட்காரச் சொன்னாளா என்று யோசித்துக்கொண்டே அரிசியைக் களைந்தாள்.