தளர்த்திப் பிடித்த கயிறு

எண்பது கிலோமீட்டர்! சரளைச் சரிவையும் மணற்பாதையையும் மிதித்து, அந்தச் செம்பழுப்புப் பெண்குதிரை முதலாவதாக வந்து நின்றது. நூறு கிலோமீட்டர் குதிரைப் பந்தயத்தில் மிச்சம் இருபதே கிலோமீட்டர். ஆனால், அந்த இருபதுக்குப் பாதை திறப்பது கைதட்டும் கூட்டமன்று. கயிறு கட்டிய வாசலில் ஸ்டெதஸ்கோப்புடன் நிற்கும் கால்நடை மருத்துவர். சென்ற இரண்டு ஆண்டும் இதே வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவள்தான் அதன்மேல் ஏறி வந்த இந்தத் தபால்காரி. இம்முறையாவது கடைசிச் சுற்றுக்குள் நுழைந்துவிட வேண்டுமென்று அவள் உயிர் துடித்தது.

குதிரையின் நெஞ்சோ நிமிடத்துக்கு எழுபத்திரண்டு முறை துடித்தது. அறுபத்து நான்குக்கு இறங்கினால்தான் வாசலை நெருங்கலாம்.

"ஏங்க, கழுத்துல ஊத்துங்க! கழுத்துல!"

"உன் தலையில ஊத்தணும் முதல்ல. உனக்குத்தான் நூத்தியிருபது அடிக்குது!" என்றார் தையற்காரரான அவள் கணவர், வாளியும் கையுமாக.

தண்ணீர் ஊற்றிய கையோடு குளம்புகளைத் தூக்கிச் சுத்தம் செய்தார்கள். இடப்பக்கம் அவள், வலப்பக்கம் அவர். அதுதான் அவர்கள் வழக்கம். அந்நேரம் பார்த்துத் தொலைவில் புழுதி எழுந்தது. "ரெண்டாவதா வெள்ளைக்குதிரைக்காரன் வந்துட்டான்!" என்று யாரோ கத்தினார்கள். கணவர் துடிப்பை எண்ணினார். அறுபத்திரண்டு! இருவரும் குதிரையோடு வாசலுக்கு விரைந்தார்கள்.

போகிற வழியில் குதிரை ஒருமுறை தலையை வெடுக்கென்று ஆட்டியது. கால் நோகும் குதிரைதான் ஓடும்போது அப்படித் தலையாட்டும் என்பது தபால்காரிக்குத் தெரியும்.

கணவரும் பார்த்துவிட்டார். "கயித்தைத் தாடைகிட்டச் சுருக்கிப் பிடிச்சு ஓடு. ஆட்டம் தெரியாது," என்றார் காதோடு.

மருத்துவர் நெஞ்சைக் கேட்டார். ஈறை அழுத்தி நிறம் திரும்புவதைப் பார்த்தார். வயிற்றில் காதை வைத்தார். எல்லாம் சரி. "ஓட்டிக் காட்டும்மா. அந்தக் கொடிவரைக்கும் போய்த் திரும்பு."

கயிறு அவள் கையில் இருந்தது. ஒரு சாண் சுருக்கினால் போதும். ஆனால், நாவால் முறையிட முடியாத உயிருக்கு இருப்பது அந்தத் தலையசைப்பு ஒன்றுதானே? எண்பது கிலோமீட்டர் தன்னைச் சுமந்தவள் சொல்லும் ஒரே சொல்லைத் தன் கையாலேயே நெரிப்பதா? வெற்றி வேண்டும், களவாடிய வெற்றி எதற்கு?

கையை நீட்டிக் கயிற்றைத் தளர விட்டாள். ஓடினாள். குதிரையின் தலை ஆடியது, ஊரறிய ஆடியது!

"வலது முன்கால்," என்றார் மருத்துவர். குனிந்து குளம்பைத் தூக்கினார். லாடத்துக்கும் பாதத்துக்கும் நடுவே கூரிய கல்லொன்று இறுகச் சிக்கியிருந்தது. "இந்தக் காலை யாரு சுத்தம் பண்ணது?"

மனைவி கணவரைப் பார்த்தாள். கணவர் வானத்தைப் பார்த்தார். "பின்கால் முடிச்சேன். முன்காலைத் தூக்கப் போனப்பதான் வெள்ளைக்குதிரை..."

"ஆக, ரெண்டு பேரு சேர்ந்து மூணு காலு! நாலாவதுக்கு இன்னொரு வீட்டுக்காரர் வேணும்போல," என்ற மருத்துவர், கல்லை நெம்பியெடுத்துப் பாதத்தை அழுத்திப் பார்த்தார். குதிரை சிலிர்க்கவில்லை. "காயம் இல்ல. எல்லாக் குதிரைக்கும் உள்ள கட்டாய ஓய்வு நேரம் முடியறதுக்குள்ள ஒரே ஒருதடவை மறுபடி காட்டலாம். அப்பவும் ஆடிச்சுன்னா வண்டியில ஏத்திடு."

முப்பது நிமிடம்! பனிக்கட்டி வாளியில் கால், பிறகு மெல்லிய நடை, மீண்டும் வாளி. கணவர் நான்கு குளம்புகளையும் இரண்டிரண்டு முறை தூக்கிப் பார்த்தார். கூட்டம் கயிற்றோரம் நெருக்கியடித்தது. மருத்துவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றார்.

தபால்காரி கயிற்றை முன்னைவிடவும் தளர்த்திப் பிடித்து ஓடினாள். தடக், தடக், தடக், தடக். நான்கு குளம்பும் ஒரே தாளம். தலையோ அசையாத தீபம்!

"இன்னொரு தடவை," என்றார் மருத்துவர். ஓடினாள்.

"போ!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. சேணம் ஏறியது, வார் இறுகியது. வெள்ளைக்குதிரைக்கு ஓய்வு முடிய இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

"நிக்காம விரட்டு! ஜெயிச்சுட்டு வாடி!" என்று கணவர் துள்ளினார்.

"நடுவழியில ரெண்டு தடவை இறங்கிக் குளம்பைப் பார்ப்பேன்!"

"அவன் முந்திருவானே!"

"முந்தட்டுமே, துரத்திப் பிடிக்கிறேன்!" என்று சிரித்தபடி அவள் கடிவாளத்தைத் தளர்த்தினாள். செம்பழுப்புக் குதிரை காற்றாய்ப் பாய்ந்தது.