பளிச்சென்று ஒரு நோட்டீஸ்

அப்பா காணாமல் போன மறுநாள் காலையில், எந்த சாஃப்ட்வேரில் நோட்டீஸ் அடிப்பது என்று நானும் அண்ணனும் கலைவாணன் கடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வயிறு எரிகிறது.

அப்பா பெயர் வடிவேல். மில் வேலையில் ஓய்ந்துபோனவர். கொஞ்ச காலமாக ஞாபகம் பிசகிக்கொண்டிருந்தது. என் பெயர் துர்கா என்பதுகூட சில நாள் அவருக்கு வராது. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கதிர்காமம் வீட்டிலிருந்து கிளம்பியவர் திரும்பவே இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். நோட்டீஸும் அடித்து ஒட்டிவிடுங்கள் என்றார்கள்.

கலைவாணன் கடை லாஸ்பேட்டையில் இருக்கிறது. காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட், காதுகுத்துப் பத்திரிகை, பிறந்தநாள் பேனர் எல்லாம் அவரிடம்தான். நான் வேலை பார்க்கும் பள்ளியின் சுற்றறிக்கையையும் அவர்தான் அடித்துத் தருவார். அவரிடம் இரண்டு வழி இருந்தது. ஒன்று, கம்ப்யூட்டரில் இருந்த பழைய சாஃப்ட்வேர். எழுத்து, கட்டம், படம் எல்லாவற்றையும் நாமே ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். அழகாக இருக்காது, ஆனால் வைத்தது வைத்தபடி இருக்கும். இன்னொன்று, அவர் புதிதாக வாங்கியிருந்த ஆப். மாதிரிகள் தயாராக இருக்கும். விவரத்தையும் படத்தையும் கொடுத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பழையதிலேயே செய்யுங்கள், 'காணவில்லை' என்ற ஒரு வார்த்தையும் அப்பா முகமும் ஃபோன் நம்பரும் போதும் என்றேன். அண்ணன் வெற்றிச்செல்வனுக்கு அது பிடிக்கவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றே வாழ்கிறவன் அவன். கல்யாணப் பத்திரிகைக்கு டிசைன் பார்ப்பதுபோல் மாதிரிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். கலைவாணனும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார். ஆப்பில் என்றால் சீக்கிரம் முடியும், வாட்ஸ்அப்பிலும் அப்படியே அனுப்பலாம் என்றார். சீக்கிரம் என்றதும் நான் ஒத்துக்கொண்டேன்.

படம் போன வாரம் நான் ஃபோனில் எடுத்தது. சவரம் செய்யாத முகம், ஒட்டிய கன்னம், முன்பல் இல்லாத வாய். ஆப்பில் ஏற்றியதும் அப்பா வேறு மாதிரி வந்தார். தோல் பளபளத்தது. கன்னம் நிரம்பியிருந்தது. பல்வரிசை முழுசாக இருந்தது.

"இது அப்பா மாதிரியே இல்லண்ணா," என்றேன்.

"சொந்தக்காரங்க அத்தினி பேரும் பாப்பாங்க துர்கா. பிச்சக்காரன் மாதிரி போட்டு ஊரெல்லாம் ஒட்டச் சொல்றியா?"

பெயர்தான் கீழே போட்டிருக்கிறதே என்று கலைவாணன் சமாதானம் சொன்னார். பெயர் கேட்டால் அப்பாவுக்குச் சொல்லத் தெரியுமா என்ன? அதை நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் படத்தில் நோய் வராத அப்பா இருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்போல எனக்கும் ஆசையாக இருந்தது. அப்படியே அடித்துவிடுங்கள் என்றேன்.

பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், கடற்கரைப் பக்கம் எல்லா இடத்திலும் ஒட்டினோம். ஃபோன் வந்தது, நிறையவே வந்தது. சித்தப்பா வீட்டில் நோட்டீஸ் ரொம்ப எடுப்பாக இருக்கிறது என்றார்கள். யாரோ ஒருவர் 'காணவில்லை' என்பதைக்கூடப் படிக்காமல், உங்கள் அப்பா எந்த வார்டில் நிற்கிறார் என்று கேட்டார். அந்த ஆள் எதிரே இருந்திருந்தால் அடித்திருப்பேன். அப்பாவைப் பார்த்தேன் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

நாட்கள் போயின. அண்ணன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அலைந்தோம். வைத்திக்குப்பத்துக்குப் போனபோது என் கையிலிருந்த நோட்டீஸ் தீர்ந்திருந்தது. படகுகளுக்குப் பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த அன்னக்கிளி என்ற அம்மாவிடம் ஃபோனில் இருந்த பழைய படத்தை, ஆப்புக்குப் போகாத படத்தைக் காட்டினேன்.

பார்த்த உடனே அந்த அம்மா தலையை ஆட்டினார். "இவரா? முந்தாநேத்து இங்கதான் ஒக்காந்துனு இருந்தாரு. பசின்னாரு, சோறு குடுத்தேன்."

எந்தப் பக்கம் போனார் என்று கேட்டேன். வியாபார நேரம், கவனிக்கவில்லை என்றார். எங்கள் நம்பருக்கு ஒரு ஃபோன் செய்திருக்கலாமே, நோட்டீஸ் இங்கேயே ஒட்டியிருக்கிறதே என்று பக்கத்துச் சுவரைக் காட்டினேன். குரல் உயர்ந்துவிட்டது.

அன்னக்கிளி சுவரைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார்.

"அது வேற யாரோன்னுல்ல நெனச்சேன்," என்றார். "அவரே அதும் முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரும்மா. இது யாருன்னு எங்கிட்ட கேட்டாரு. யாரோ காணாமப் போயிட்டாராம், தேடுறாங்கன்னேன். 'அய்யோ பாவம், வூட்ல சாப்புடாம கெடப்பாங்களே'ன்னுட்டு எழுந்து போனாரு."