அணைத்த இஞ்சின்

நந்துமே எழுதிய அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அந்த எண் இருந்தது. கம்பாலா நகரச் சாலைகளில் கார்கள் விடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு அறுபத்தெட்டுப் பங்கு, பதினைந்து வயது தாண்டிய கார்களுடையது. நாற்பது கார்களில் சின்னப் பெட்டி பொருத்தி, கார் எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று நொடிக்கு நொடி பதிந்து, இந்த வேகத்துக்கு இவ்வளவு வாயு என்ற வெளிநாட்டு அட்டவணையை வைத்துப் பெருக்கிக் கூட்டிய எண். பழைய கார்க்காரர்கள் இருபது பேரைப் பிடித்துத் தந்தவர் அவளுடைய தாய்மாமா கசூலே. வாடகைக்கு ஓட்டுகிறவர். அவருடைய வெள்ளைக் காருக்கு வயது இருபத்தாறு. "எங்க பொண்ணு ஏதோ பெரிய கணக்கு போடறா, பேசாம பெட்டியை மாட்டுங்கடா" என்று கூட்டாளிகளை அதட்டி வரிசையில் நிறுத்தினார்.

நகராட்சிக்கு அறிக்கை போன வேகத்தில் உத்தரவும் வந்துவிட்டது. ஒன்றாம் தேதி முதல் பதினைந்து வயது தாண்டிய கார் ஊருக்குள் வரக்கூடாது.

மறுநாள் காலை மாமாவின் காரில்தான் அலுவலகம் போனாள். வண்டெகேயா இறக்கத்தில் வழக்கமான நெரிசல். வரிசை நின்றதும் மாமா சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தார். ஒரு காலை வெளியே வைத்து, முட்டை சுருட்டிய சப்பாத்தி இரண்டு வாங்கினார். வரிசை நகர்ந்தபோது கைப்பிரேக்கை மட்டும் விட்டார். கார் சத்தமில்லாமல் இறங்கியது. முன்னாலும் பின்னாலும் கிழட்டுக் கார்கள் எல்லாம் அப்படியேதான் இறங்கின. பக்கத்தில் ஒரு புத்தம்புதுப் பெரிய கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உள்ளே ஏசி ஓட, உறுமிக்கொண்டு நின்றது.

நந்துமே சப்பாத்தியை மடியில் வைத்தாள்.

"மாமா, பெட்டி மாட்டியிருந்த வாரமும் இப்படித்தான் அணைச்சீங்களா?"

"பின்னே? அந்த வாரம் மட்டும் பெட்ரோலை உங்கப்பனா ஊத்தினான்?"

"மத்தவங்க?"

"எவன் அணைக்காம நிப்பான்? ஏன், என்ன ஆச்சு?"

என்ன ஆச்சாம். பெட்டிக்குத் தெரிந்தது வேகம் மட்டும். கார் நின்றால் பூஜ்யம். பூஜ்யம் என்றால் இஞ்சின் ஓடியபடி நிற்கிறது என்று அர்த்தம் அந்த அட்டவணைக்கு. அதைப் போட்டவர்கள் ஊரில் நடுச்சாலையில் யாரும் சாவியைத் திருப்புவதில்லை. பழைய இஞ்சின் என்றால் நிற்கும் நிமிடத்துக்குக் கூடுதல் வாயு வேறு. அணைத்து நின்ற நேரத்துக்கெல்லாம், விடாத வாயு பழைய கார்களின் கணக்கில் ஏறியிருக்கிறது. அட்டவணைக்காரர்களைச் சொல்லி என்ன? இதே காரின் பின்சீட்டில், இதே அமைதியில் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள் இவள். படித்த மண்டைக்கு அது ஒருநாள்கூட உறைக்கவில்லை. தன் தலையில் தானே நாலு போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆய்வுத் தலைவர் தும்வைனேயிடம் ஓடினாள். அவர் முழுவதும் கேட்டார். கெட்டவர் இல்லை.

"அணைச்சாங்கன்னு பெட்டியில பதிவு இருக்கா?"

"இல்ல சார். ஆனா ஊருக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும்."

"தெரியும்மா. எங்கப்பாவும் அப்படித்தான் ஓட்டினார். அதை அறிக்கையில எப்படி எழுதறது? உங்க மாமா சொன்னார்னா?"

"இஞ்சினையும் சேர்த்துப் பதியற பெட்டி வெச்சு மறுபடி அளக்கலாம் சார்."

"அளக்கலாம். அடுத்த வருஷம் நிதி வரட்டும். உத்தரவு ஒண்ணாந்தேதியிலேர்ந்து."

உத்தரவு போட்ட அலுவலகத்துக்கே போனாள். அங்கிருந்த குமாஸ்தா அறிக்கையைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தான். "இது உங்க கையெழுத்துதானேம்மா?" அவளுடையதுதான்.

மாதக் கடைசி மாலை, அதே இறக்கத்தில், அணைந்த காருக்குள் உட்கார்ந்து மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் ஸ்டீயரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இஞ்சின் அணைஞ்சது பெட்டிக்குத் தெரியாது. சரி," என்றார் கடைசியில். "உனக்குத் தெரியுமே, கண்ணு."

முன்னால் வரிசை நகர்ந்தது. மாமா கைப்பிரேக்கை விட்டார்.