கொம்பையாவின் பவளம்

1994 ஆனித் தேரோட்டத்துக்கு மறுநாள் காலை, தெற்கு ரத வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த காசிலிங்கம், பக்கத்துப் பாத்திரக்கடை கொம்பையாவை இடது தோளில் வெட்டினார். அதே நேரத்தில் காசிலிங்கத்தின் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இருந்த பெரிய பவளம் இடது பக்கம் பிளந்தது. பவளம் பிளந்ததை அவர் மனைவி ஞானம்பாள் பார்த்தாள். கொம்பையா வெட்டுப்பட்டதை யாரும் பார்க்கவில்லை. கடைவீதியே அந்த நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததாகப் போலீஸில் சொன்னது.

பகைக்குக் காரணம், இரண்டு கடைக்கும் நடுவே ஓடிய சாக்கடையின் மேல் யார் கல் பாவுவது என்பது. வாய்க்கால் தகராறுக்கே தலை உருளும் சீமையில் சாக்கடைக்கு மட்டும் என்ன குறை. முந்தைய வருஷம் கொம்பையா காசிலிங்கத்தின் தம்பி குமரகுருபரனை வயிற்றில் வெட்டியதில், அவன் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான். அந்த இரண்டு நாளில் தொட்டியில் ஒரு பவளமும் பழுப்புக் கூழாக அழுகி வெள்ளை எலும்பானது. மின்வெட்டில் காற்று மோட்டார் நின்றதால் போயிற்று என்று காசிலிங்கம் நினைத்தார். அந்த எலும்பை எடுத்தெறிய மனம் வராமல் மூலையிலேயே விட்டு வைத்தார்.

தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்கள் எடுத்துக் கொடுத்த உயிர்ப் பவளங்கள் அவை. அவற்றுக்காக அவர் திருச்செந்தூர் பஸ்ஸில் கேன் கேனாகக் கடல்தண்ணீர் கொண்டுவந்தார். தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு உப்புத்தண்ணீர் சுமக்கிறவனைப் பைத்தியம் என்று ஊர் சொன்னது. ஊர் சொன்னதில் தப்பில்லை.

பிளந்த பவளத்தில் நாளடைவில் பழுப்புக் கூழ் வைத்து நாற்றம் எடுத்தது. காசிலிங்கம் உப்பைச் சோதித்தார், விளக்கை உயர்த்தினார், சுண்ணாம்புத் தெளிவு விட்டார். எதற்கும் மசியவில்லை. கடைசியில், இது சூட்டினால் வந்ததல்ல, காயம் சீழ்பிடித்தது என்று கண்டுகொண்டு, இங்க் ஃபில்லரால் கூழை உறிஞ்சி, அயோடின் சொட்டு விட்ட கடல்தண்ணீரில் பவளத்தை முக்கி எடுத்தார். அன்று சாயங்காலம் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில், தோள் சீழ்பிடித்து டாக்டர்கள் கைவிட்ட கொம்பையா எழுந்து உட்கார்ந்து சொதிச் சோறு கேட்டதாகச் செய்தி வந்தது.

பெரிய பவளம் யாரென்று காசிலிங்கத்துக்குப் புரிந்துவிட்டது. மூலையில் இருந்த வெள்ளை எலும்பைப் பார்த்து, ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்த நேரத்தில் வீட்டில் இருந்திருந்தால் தம்பியைக் காப்பாற்றியிருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

ஞானம்பாள் அழவில்லை. "அந்தப் பெருசைத் தூக்கி வெயில்ல போட்டிருங்க. அப்பத்தான் சின்னவன் கட்டை வேகும்" என்றாள்.

அவர் அதை வெளியே எடுத்து முற்றம் வரைக்கும் கொண்டுபோனார். தம்பியைக் கொன்றவன் உள்ளங்கையில் சுருங்கிக் கிடந்தான். போட்டிருப்பார். ஆனால் திரும்பிப் பார்த்தபோது, தொட்டியில் பக்கத்துப் பவளத்தின் ஓரத்திலும் பழுப்பு தொட்டிருந்தது.

"இந்தச் சீக்கு ஒண்ணுல பிடிச்சா பக்கத்துல உள்ளதையும் தின்னுரும்" என்றார். "மிச்சத்துல நீ எது, நான் எதுன்னு யாரு கண்டா? எல்லாத்துக்கும் மருந்து போட்டாத்தான் தண்ணி தெளியும்."

எல்லாவற்றுக்கும் போட்டார். கொம்பையா முழுசாகக் குணமாகி வீடு திரும்பினார். அடுத்த வருஷம் தை மாதம், பட்டப்பகலில் காசிலிங்கத்தின் வீட்டுக்குள் நுழைந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே வெட்டினார். சோறெல்லாம் ரத்தமானது. தொட்டியில் பெரிய பவளத்துக்குப் பக்கத்தில் இருந்தது கிழிந்து தொங்கியது.

ஞானம்பாள் முந்தானையைப் பந்தாகச் சுருட்டிப் புருஷனின் கழுத்தில் அழுத்திக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அண்ணாச்சி, அந்தத் தொட்டியைப் பாருங்க. பெருசா இருக்கது நீங்க. பக்கத்துல கிழிஞ்சு கிடக்கது இவுக. இவுக அழுகினா பின்னாலயே நீங்களும் அழுகிருவிய. போன வருசம் உங்களைப் பொழைக்க வச்சது இவுகதான்."

கொம்பையா சிரித்துவிட்டுப் போனார். காசிலிங்கத்தை வண்டி வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கிழிந்ததில் பழுப்புக் கூழ் வைத்து, பெரிய பவளத்தின் ஓரத்தைத் தொட்ட அன்று கொம்பையாவின் ஆறிப்போன தோள் தழும்பு வாய் பிளந்தது. சட்டை நனைய வந்து ஞானம்பாளின் வாசலில் நின்றார்.

"என்ன செய்யணும், தாயி?"

அவள் இங்க் ஃபில்லரை நீட்டினாள். "பைய உறிஞ்சுங்க."

அரிவாள் பிடித்த கையால் அதை வாங்கினார். இரண்டிலிருந்தும் கூழை உறிஞ்சினார். அயோடினில் முக்கினார். தழும்பு மூடியது. காசிலிங்கமும் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தபடி வீடு வந்தார். மறுபடி கூழ் வைத்துவிடுமோ என்ற பயத்தில் கொம்பையா தினமும் காலையில் கடை திறக்கும் முன் வந்து தொட்டியைப் பார்க்கத் தொடங்கினார். அவரும் காசிலிங்கமும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்வதில்லை. சாக்கடை இன்றைக்கும் திறந்தேதான் கிடக்கிறது.

ஒருநாள் தொட்டியில் பாசி துடைக்கும்போது கொம்பையா மூலையில் இருந்த வெள்ளை எலும்பைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டார்.

"எங்க சின்னவன்" என்றாள் ஞானம்பாள்.

அன்று கொம்பையா பாத்திரக்கடையைத் திறக்கவில்லை. மறுநாள் வந்து, உயிருள்ளவற்றுக்கு மருந்து விட்டபின், அந்த எலும்பையும் வெளியே எடுத்து, அயோடினில் முக்கி, இருந்த இடத்திலேயே வைத்தார். அதற்கு மருந்தில்லை என்று அவருக்கும் தெரியும். ஐந்து வருஷமாக அதைத்தான் தினமும் செய்துகொண்டிருக்கிறார். ஞானம்பாள் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.