கேள்வியே வரவில்லை

கண் மருத்துவமனையின் ஸ்கேன் கணினியைப் பெயர் சொல்லித் தேடினான். அப்படி ஒரு பெயர் இல்லை என்று அவனுடைய சர்வர் சொன்னது. தட்டியதில் பிழை இருக்குமோ என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து இன்னொரு முறை அடித்தான். இல்லை. வாரத் தொடக்கத்திலிருந்து இதே கதைதான். உலகத்தின் எந்த மூலையில் உள்ள பெயரைக் கேட்டாலும் கண்டுபிடித்துக் கொடுக்கிற சர்வர், இரண்டு தெரு தள்ளி இருக்கும் கண் மருத்துவமனை என்றால் மட்டும் கதவைச் சாத்திவிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால் அங்கே இருந்த கணினிகளில் இரண்டு மட்டும் ஒழுங்காகக் கிடைத்தன. மற்றதெல்லாம் இல்லை. முழுக்கக் கெட்டுப்போயிருந்தால்கூட ஒரு நிம்மதி உண்டு. பாதி வேலை செய்கிற சாமான்தான் மனிதனை வதைக்கும்.

அவன் வேலை பார்த்த பொது மருத்துவமனையையும் அந்தக் கண் மருத்துவமனையையும் ஒரே முதலாளி வாங்கியிருந்தார். இனி இங்கே உட்கார்ந்திருக்கும் சர்க்கரை நோய் மருத்துவர் அங்கே எடுத்த கண் படத்தைத் தன் திரையிலேயே பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. கேட்க எளிதாக இருக்கும். கணினிக்கு எண்தான் முகவரி. மனிதர்களுக்கு எண் மனதில் நிற்காது என்பதால் பெயர் வைக்கிறார்கள். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொல்ல ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு சர்வர் உட்கார்ந்திருக்கிறது. அது தன் வீட்டுப் பெயர்களுக்கு மட்டும்தான் பொறுப்பு. அடுத்த வீட்டுப் பெயர் என்றால் தெரிந்த இடத்தில் கேட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு வீட்டையும் அறிந்த ஒரு சர்வரைத் தலைமை அலுவலகத்தில் நிறுத்தியிருந்தார்கள். தெரியாததையெல்லாம் அதனிடம் கேள் என்று அவனும் தன் சர்வருக்குச் சொல்லி வைத்திருந்தான். சொன்ன பேச்சை அது கேட்கவில்லை.

கண் மருத்துவமனையில் இதே வேலையைப் பார்ப்பவள் ஒரு பெண். இவனைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். அவள் அனுப்பிய முதல் மின்னஞ்சலிலேயே, அவள் பெயருக்குப் பின்னால் இருந்த அப்பா பெயரைப் பார்த்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஊரில் பத்துப் பேருக்கு இருக்கிற பெயர் இல்லை அது. அவன் பெயருக்குப் பின்னாலும் அதுதான் இருந்தது. வீடியோ கூட்டத்தில் மேனேஜர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். “என்னங்க, ரெண்டு பேருக்கும் ஒரே அப்பா பேரு? மெயிலெல்லாம் மாறிப்போகப்போகுது!” என்று அவரே சொல்லி அவரே சிரித்தார். இவர்கள் இரண்டு பேரும் கூடச் சிரித்தார்கள். சேர்ந்து சிரிக்க ஆரம்பித்து, சேர்ந்தே நிறுத்தினார்கள். அவளுக்கும் தெரியும் என்று அப்போதுதான் அவனுக்கு உறுதியானது.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை பேசியிருக்கிறார்கள். எல்லாம் வேலைப் பேச்சு. அன்று காலை தொலைபேசியிலும் அப்படித்தான் தொடங்கியது.

“எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. உங்ககிட்டருந்து கேள்வியே வரல.”

“நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன் மேடம்.”

“நீங்க கேக்கறீங்க. உங்க சர்வர் கேக்கல.” அதே மூச்சில் சொன்னாள். “நான் மதியம் நேர்ல வரேன். இன்னொரு விஷயமும் பேசணும்.”

இன்னொரு விஷயம் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா செத்துப்போயிருப்பார் என்று நினைத்தான். நினைத்தவுடன் அவருக்கு இப்போது என்ன வயது இருக்கும் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் பன்னிரண்டாம் வகுப்பு படித்த காலத்தில் பார்த்த மனிதரைப் பற்றி வருடக்கணக்காக அவன் நினைத்ததில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அப்பாவுக்கு வேறொரு வீடு இருப்பது தெரியவந்த நாளில் அம்மா சண்டை போடவில்லை, அழவில்லை. அவருடைய சட்டைகளை மடித்து ஒரு பெட்டியில் வைத்து வாசலில் வைத்தாள். அத்தோடு சரி. அம்மா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். எதைக் கேட்டாலும் அவளிடம் பதில் இருக்கும். எந்தப் பேருந்து எங்கே நிற்கும், கத்தரிக்கோல் எந்த இழுப்பறையில், கீழ்வீட்டுப் பெண்ணை எங்கே கட்டிக்கொடுத்தார்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரியாது என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் அவளிடம் பதில் இருந்தது. “அவரப் பத்தி இங்க பேச்சு இல்ல.” வெட்டு ஒன்று துண்டு இரண்டு. கல்யாணமான புதிதில் அவன் மனைவி ஒருமுறை கேட்டு, இதே பதிலை வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் தம்பி கேட்பதையே மறந்துவிட்டான். இவனும் கேட்டதில்லை. வீட்டில் நிம்மதி வேண்டும் என்று நினைப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

மதியம் அவள் வந்தாள். சர்வர் அறையில் இருந்தது ஒரே நாற்காலி; அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவன் நின்றுகொண்டான். குளிருக்காக அங்கே எப்போதும் தொங்கும் பழைய ஸ்வெட்டரைக் காட்டினான், அவள் வேண்டாம் என்றாள். திரையைப் படிக்கும்போது அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. அப்பா செய்தித்தாள் படிக்கும்போது அப்படித்தான் அசையும். அவன் கேபிள்களைப் பார்க்கத் தொடங்கினான்.

“இது தெரியாதுன்னு சொல்லல, பாருங்க. இல்லன்னு சொல்லுது.”

“ஆமா. அதத்தான் நானும் திங்கக்கிழமையிலருந்து பாக்கறேன்.”

“யார் சொல்றான்னு பாத்தீங்களா?”

அதைத்தான் அவன் பார்க்கவில்லை. பதிலைப் படிக்கிறவர்கள் பதிலைத்தான் படிப்பார்கள். அவள் விரல் வைத்த இடத்தில் ஒரு சின்னக் குறி இருந்தது. இந்தப் பெயர்களுக்கு நானே பொறுப்பு, என் சொல்லே முடிவு என்று ஒரு சர்வர் சொல்லும்போது மட்டும் வருகிற குறி. சொன்னது தலைமை அலுவலகமும் இல்லை, கண் மருத்துவமனையும் இல்லை. அவன் எதிரில் உறுமிக்கொண்டிருந்த இதே சர்வர்தான்.

பிறகு கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவனுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர், யாரோ ஒரு மருத்துவர் அவசரப்படுத்தியதால், கண் மருத்துவமனையின் பெயரிலேயே ஒரு பகுதியை இந்தச் சர்வரில் உருவாக்கி அதில் இரண்டே இரண்டு கணினிகளை எழுதிவிட்டுப் போயிருந்தார். அந்த இரண்டுக்கு அன்றைக்கு அது போதும். ஆனால் சர்வருக்கு அரைகுறை என்றெல்லாம் புரியாது. தன் பொறுப்பில் இல்லாத பெயர் என்றால்தான் அது அடுத்த இடத்தில் கேட்கும். தன் பொறுப்பு என்று நினைத்துவிட்டால் யாரிடமும் கேட்காது. தன்னிடம் எழுதியிருக்கும் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் உலகத்திலேயே இல்லை என்று சத்தியம் செய்யும். அந்தப் பகுதியை அவன் தினமும் பார்த்திருக்கிறான். கண் மருத்துவமனைக்கு வழி விடுவதே அதுதான் என்று நினைத்து, அதில் கை வைக்காமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றியும் வந்திருக்கிறான்.

“எடுத்துடலாமா?” என்றாள்.

“அந்த ரெண்டும் போயிடுமே.”

“போகாது. எல்லாம் எங்ககிட்ட இருக்கு. கேட்டா சொல்லப்போறோம்.”

ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் நீக்கினான். சர்வர் நினைவில் வைத்திருந்த பழைய பதில்களையும் துடைத்தான். ஸ்கேன் கணினியின் பெயரைத் தட்டினான். எண் வந்தது. அவள் அவனுடைய திரையைப் பார்க்கவே இல்லை. மடியில் இருந்த தன் கணினியில் ஓடிய வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேள்வி வந்துடுச்சு,” என்றாள்.

தாழ்வாரத்தில் இருந்த இயந்திரத்தில் இரண்டு டீ பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார்கள். காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் தொடங்கினாள். சார் என்றும் சொல்லவில்லை, வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை.

“அப்பாவுக்குப் பக்கவாதம். ரெண்டு மாசம் இருக்கும். வலது பக்கம் அசைவே இல்ல. பேச்சும் பாதிதான் புரியுது.”

உயிரோடு இருக்கிறார். அவன் டீயைக் குடித்தான், நாக்குச் சுட்டது.

“பெரியவன் வந்தானான்னு கேக்கறார். தினமும். எங்க வீட்டுல நானும் தங்கச்சியும்தான். இங்க அப்படி யாரும் இல்லைங்கன்னு அம்மா சொல்லிச் சொல்லிப் பாத்தாங்க. மூளை குழம்பிடுச்சுன்னு நினைச்சோம். அப்புறம் ஒரு நாள்தான் எனக்கு உறைச்சுது, அது எங்க வீட்டுப் பேரே இல்லன்னு.”

பெரியவன், சின்னவன். அவனையும் தம்பியையும் அப்படிக் கூப்பிட்டவர் ஒருவர்தான். அம்மா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். வேறு யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது, தம்பிக்கே இப்போது நினைவிருக்குமா என்பது சந்தேகம். அவனுக்குக் கோபம் வந்தது. கை கால் விழுந்த பிறகு வந்த பாசமா என்று இருந்தது. “இத்தனை வருஷமா கேக்கலயே,” என்றான், அவள்மேல் பாய்கிற குரலில்.

“எங்ககிட்ட கேட்டதில்ல.” அவள் கோபப்படவில்லை. “டாக்டர் இனி ரொம்ப நாள் இல்லன்னு சொல்லிட்டார். உங்கள வாங்கன்னு கூப்பிட எனக்கு என்ன உரிமை இருக்குன்னு தெரியல. தெரிஞ்சிக்கிட்டு சொல்லாம இருக்கவும் முடியல. வீடு எங்க ஆஸ்பத்திரிக்குப் பின் தெருதான்.”

“பாக்கறேன்,” என்றான். வருகிறேன் என்றும் ஆகாது, மாட்டேன் என்றும் ஆகாது. அவள் தலையாட்டிவிட்டுப் படி இறங்கினாள்.

மாலை வீட்டுக்குப் போகும் வழியிலேயே அந்தத் தெரு இருந்தது. வண்டியைத் திருப்பினால் ஐந்து நிமிடம். பார்த்துவிட்டு வந்து, வேலை இழுத்துவிட்டது என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. முனையில் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு நின்றான். இப்படித்தான் அப்பாவும் ஏதோ ஒரு மாலை ஏதோ ஒரு தெரு முனையில், வேலை இழுத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என முடிவு செய்திருப்பார். அந்த நினைப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. போவதென்றால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அம்மாவிடம் சொல்வதை நினைத்தால் நாற்பதை நெருங்கும் வயதிலும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லாமல் போனால் அவரைப் பார்க்கப் போகிற பிள்ளையாக இருக்க மாட்டான், அவரைப் போலவே ஆகிவிட்ட பிள்ளையாக இருப்பான். வண்டியை நேரே விட்டான்.

வீட்டில் மனைவி இன்னும் அலுவலகத்திலிருந்து வந்திருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று எலக்ட்ரீஷியன் எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா பார்க்காமலே பத்து இலக்கத்தையும் ஒப்பித்து, “மதியம் மட்டும் கூப்பிடாதீங்க, தூங்குவான்,” என்று உபரித் தகவலும் கொடுத்து அனுப்பினாள். பிறகு சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். அவன் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றான்.

“அப்பாவுக்கு உடம்பு சரியில்லம்மா. பக்கவாதம்.”

கை நிற்கவில்லை. “அவரப் பத்தி இங்க பேச்சு இல்லன்னு சொல்லியிருக்கேன்.”

“பேச வரல. சொல்ல வந்தேன். நாளைக்குப் போய்ப் பாக்கப்போறேன்.”

அம்மா ஒரு டம்ளரை எடுத்து அலசினாள். கவிழ்த்தாள். அதையே திரும்ப எடுத்து அலசினாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. சத்தம் போட்டால் பரவாயில்லை என்று தோன்றியது.

“யார் சொன்னா?”

“அந்த வீட்டுப் பொண்ணு. என்கூடத்தான் வேலை பாக்குது. நல்ல பொண்ணும்மா.”

கடைசி வார்த்தைகளைச் சொல்லியிருக்க வேண்டாம். தண்ணீர் டம்ளர் நிரம்பி வழிந்து அவள் விரல்களின் மேல் ஓடியது. சுவரைப் பார்த்தே கேட்டாள்.

“தானா சாப்பிடறாரா? இல்ல, யாராவது ஊட்டணுமா?”

அவனுக்கு ஒரு கணம் யார் பேசியது என்றே புரியவில்லை. தனக்குப் பதில் தெரியாத எதையும் அம்மா அவனிடம் கேட்டதாக அவனுக்கு நினைவில்லை.

“தெரியலம்மா,” என்றான். “கேக்கட்டுமா?”

அம்மா டம்ளரைக் கவிழ்த்துவிட்டு அடுத்ததைக் குழாயின் கீழே பிடித்தாள். அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அந்தப் பெண்ணின் எண்ணை அழுத்தினான். அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது. குழாய்ச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். அம்மா திரும்பாமலே, ஈரக் கையை நீட்டிக் குழாயை மூடினாள்.